மூன்று குடம் இறங்கினால்தான் ஒரு குடம் ஏறும்

ஆயிரம் அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவர எவ்வளவு மின்சாரம் ஆகிறது? மோட்டார், பம்பு, குழாய் எல்லாம் சேர்ந்த திறனை 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2 யூனிட். அதே ஆயிரம் லிட்டர் ஆயிரம் அடி உயர மலையிலிருந்து இறங்கி டர்பைனைச் சுற்றினால் கிடைப்பது சுமார் 0.7 யூனிட். அதாவது, மலையில் மூன்று குடம் இறங்கினால்தான் கீழே ஒரு குடம் ஏறும்.

ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அந்த ஆழத்திலிருந்து எடுத்தால் 200 யூனிட்டுக்கு மேல் செலவாகும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைப் போல இரு மடங்கு இது. மின்துறை எப்படி நடக்கிறது என்பது சென்னையில் பேசித் தீர்க்கும் விஷயம் மட்டுமல்ல, உங்கள் வாய்க்கால் விஷயமும்கூட.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கொங்குக் கிணறுகளில் கவலை ஏற்றத்தின் இடத்துக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆகவே 'மின்துறைச் சீர்திருத்தம்' என்றதும் 'மீட்டர் வரப் போகிறது' என்று நீங்கள் சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் சீர்திருத்தமே வேண்டாம் என்று ஒதுங்கி நின்றால் இழப்பு நமக்குத்தான். தாழ்வழுத்தத்தில் எரியும் காயில், நடுராத்திரியில் டார்ச் லைட்டுடன் பாம்புக்குப் பயந்து மடை திருப்பும் வேலை, இவற்றுக்கான விலையை எந்தப் பட்ஜெட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் நீர்மின்சாரம். தமிழகத்தின் நீர்மின் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 2,300 மெகாவாட். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பெரிய அணைகள் கட்ட இனி ஆறுகளும் இல்லை, இடமும் இல்லை. இருக்கும் தண்ணீரை எந்த நேரத்தில் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இனி லாபம். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிகும் நேரத்தில் கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். 4 யூனிட் போட்டால் 3 யூனிட் திரும்பும். குந்தாவில் 500 மெகாவாட்டில் இதே வகைத் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது.

இதனால் நமக்கு என்ன? இன்று சூரிய மின்சாரம் பகலில் பெருகி, பொழுது சாய்ந்ததும் இல்லாமல் போகிறது. மாலை நேரத் தேவையைச் சேமித்த தண்ணீர் தாங்கட்டும். பகல் வெயிலில் கிடைப்பது பம்புசெட்டுக்கு நேராக வரட்டும். வெயில் காயும்போதே தண்ணீர் கட்டி முடித்துவிட்டால் ராத்திரி நீங்கள் தூங்கலாம். இந்தக் காரணத்துக்காகவே நீரேற்று மின்திட்டங்களை நாம் ஆதரிக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் நிபந்தனையோடு. மேட்டூரில் ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீர் அணையடி நிலையத்திலும் சுரங்க மின்நிலையத்திலும் மின்சாரம் தருகிறது. பிறகு செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைக் கதவணைகளிலும் மின்சாரம் தந்துவிட்டே டெல்டாவுக்குப் போகிறது. முல்லைப் பெரியாறு தண்ணீரும் லோயர்கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களில் பாய்கிறது. பாசனம் முந்தி, மின்சாரம் பிந்தி என்ற இந்த வரிசை புதிய திட்டங்களிலும் எழுத்தில் இருக்க வேண்டும். நீலகிரியில் சில்லஹல்லா திட்டத்தை அந்தப் பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள். தேயிலையும் மலைக்காய்கறியும் விளைவிப்பவர்களும் விவசாயிகளே. அவர்கள் சம்மதம் இல்லாமல் சமவெளிக்கு வெளிச்சம் கேட்பது நியாயமல்ல.

அடுத்தது சீர்திருத்தம். 2010-ல் மின்வாரியத்தைப் பிரித்தார்கள். 2024-ல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என மறுபடி பிரித்தார்கள். பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் வயல்கோடி மோட்டாருக்கு வோல்டேஜ் வந்துவிடாது. நமக்கு உதவும் மாற்றங்கள் இரண்டு.

ஒன்று, விவசாயத்துக்குத் தனி மின்பாதை. குஜராத்தில் 2003 முதல் 2006 வரை கிராமத்து வீட்டு இணைப்புகளையும் பம்புசெட்டுகளையும் தனித்தனி ஃபீடர்களாகப் பிரித்தார்கள். வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரம், வயலுக்கு முன்கூட்டி அறிவித்த நேரத்தில் குறையாத அழுத்தத்தில் மும்முனை மின்சாரம் என்று ஆயிற்று. மகாராஷ்டிரம் 2017 முதல் விவசாய ஃபீடர்களுக்குச் சூரிய மின்சாரத்தைப் பகலில் தரும் திட்டத்தை நடத்துகிறது.

மற்றொன்று, டிரான்ஸ்பார்மரில் மீட்டர். பம்புசெட்டில் அல்ல. தமிழகத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லாததால் நாம் எடுக்கும் மின்சாரம் மதிப்பீடாகவே எழுதப்படுகிறது. கம்பியில் வீணாவதும் திருட்டில் போவதும் 'விவசாயப் பயன்பாடு' என்ற தலைப்பில் ஏற இதில் இடம் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் கணக்கு சரியாக இருந்தால் அந்தப் பழி நம் தலையில் விழாது. அரசு தரும் மானியத்துக்கும் அதுவே சாட்சி.

'முதலில் பணம் கட்டு, பிறகு வங்கிக் கணக்கில் மானியம் வரும்' என்ற முறையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சமையல் எரிவாயு மானியம் வங்கிக்கு வரத் தொடங்கி, பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு நின்றுபோனதை நாம் பார்த்தோம். இலவச மின்சாரம் இருக்கட்டும், கணக்கும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

நம் பக்கத்திலும் வேலை உண்டு. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பொருத்தினால் பாதையில் மின்அழுத்தம் மேம்படும். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பொருத்தினால்தான் முழுப் பலன். கிணற்றின் ஆழத்துக்கும் நீர்மட்டத்துக்கும் பொருந்தாத பம்பு இலவச மின்சாரத்தையும் தின்னும், மோட்டாரையும் தின்னும். விரிவாக்க அலுவலர்கள் சொட்டுநீர் மானிய விண்ணப்பம் வாங்கும் அன்றைக்கே பம்பின் பொருத்தத்தையும் பார்த்துச் சொல்லலாம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் உரத்தோடும் பயிர்க்கடனோடும் இன்னும் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுங்கள். எங்கள் ஃபீடரை எப்போது பிரிப்பீர்கள்? பகலில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மும்முனை மின்சாரம் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.