வெளுப்பது துணியை, உடம்பை அல்ல!



சிங்கப்பூரில் டோபி காட் என்று ஓர் இடம் உண்டு. இன்று அங்கே மூன்று இரயில் பாதைகள் தரைக்கடியில் சந்திக்கின்றன. முன்னொரு காலத்தில் அங்கே பிராஸ் பாசா ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த சலவைத் தொழிலாளர்கள் அந்த ஓடையில் நின்று ஊரார் அழுக்கை வெளுத்தார்கள். டோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் படித்துறை. உழைத்தவன் போய்விட்டான், உழைப்பின் பெயர் நிற்கிறது!

துணி வெளுக்கக் காரம் வேண்டும், கல் வேண்டும், வெயில் வேண்டும். சரி. ஆனால் பெண்ணின் உடம்பின் உட்புறத்தையும் துணியென்று நினைத்து, காரமும் காடியும் ஊற்றி வெளுக்கச் சொல்கிறார்களே, அதைத்தான் கேட்க வந்தோம்.

வெள்ளைப்படுதல்! இந்தச் சொல்லைத் தொழிற்சங்க ஏட்டில் அச்சடிக்கலாமா என்று சிலர் முகஞ்சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! பால்மரத்தின் பட்டையில் நோய் கண்டால் பெரட்டுக்களத்தில் நின்று பலரறியப் பேசுகிறோம். மரத்தின் நோய்க்கு வெளிச்சம். மரம் வெட்டும் மனுஷியின் நோய்க்கு இருட்டா?

கிராணி வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். செக்ரோலில் எத்தனை “தலைவலி”, எத்தனை “வயிற்றுவலி” எழுதியிருக்கிறோம்! அவற்றுள் சில, சொல்ல வாய்வராத வேறு நோய் என்பதை அறியாதவரா நாம்? விடியுமுன் காண்டா வாளியோடு நிரைக்குப் போகிறவள், அரிப்போடும் எரிச்சலோடும் மரத்துக்கு மரம் நடக்கிறாள். வீடு திரும்பினால் அவளுக்கு என்ன வைத்தியம்? வேப்பிலைக் கஷாயத்தால் உள்ளே கழுவு, படிகாரத் தண்ணீர் ஊற்று, பூண்டை வை, வினிகர் கலந்து பீச்சு. போதாதென்று கைபேசியில் ஒருவன் வந்து, “இயற்கை மருந்து” என்று பேர் ஊர் இல்லாத புட்டியை விற்கிறான். அவனுக்குக் காசு, அவளுக்குப் புண்!

இயற்கை, இயற்கை என்கிறார்களே, உடம்பின் இயற்கை என்ன? 1892-ல் டோடர்லைன் என்ற ஜெர்மானிய டாக்டர் எழுதிவைத்தார். பெண்ணின் பிறப்புறுப்பில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. அவை ஒருவகைப் புளிப்பை உண்டாக்கித் தீய கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன. உள்ளே கழுவக் கழுவ அந்தக் காவல் அழிகிறது. காவல்காரனை விரட்டிவிட்டுத் திருடன் வந்தான் என்று அழுவதா? அமெரிக்காவில் 1920-களிலும் 1930-களிலும் லைசால் என்ற கிருமிநாசினியைப் பெண்களின் அந்தரங்கச் சுத்தத்துக்கென்றே விளம்பரம் செய்தார்கள். நம்பிக் கழுவிய பெண்கள் வெந்து புண்பட்டார்கள், உயிர்விட்டவர்களும் உண்டு.

இன்னொன்றும் தெளிவாகட்டும். மாதவிலக்கின் நாள்களுக்கேற்பக் கூடியும் குறைந்தும், நாற்றமும் அரிப்பும் இல்லாமல் வருகிற வெள்ளை நோயே அல்ல. மாறி வந்தால்தான் கவனிக்க வேண்டும். அதிலும் நோய் ஒன்றல்ல. தயிர்க்கட்டிபோல் திரண்டு கடுமையாக அரித்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்ற காளான். திரும்பத் திரும்ப வந்தால் நீரிழிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். சாம்பல் நிறமாய் நீர்த்து மீன்வாடை அடித்தால், நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகியிருக்கலாம். மஞ்சளாய், பச்சையாய் நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். 1836-லேயே பாரிஸில் டோனே என்பவர் அதைக் கண்டறிந்தார். காளானுக்கு ஒரு மருந்து. மற்ற இரண்டுக்கும் வேறு மருந்து. பரிசோதித்தால்தான் எது என்று தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே வேப்பிலை என்றால் அது வைத்தியமா, குருட்டு அதிர்ஷ்டச் சீட்டா?

டிரைக்கோமோனாஸ் உடலுறவால் தொற்றுவது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கணவன் விலகி நின்றால் நோய் திரும்பி வரும். ஆகவே ஆண் தோழர்களே, மீசையை முறுக்காமல் நீங்களும் டாக்டரிடம் போங்கள்! கொனோரியாவும் கிளாமிடியாவும் கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேற்றையே கெடுக்கக்கூடியவை. நாற்றத்தோடு இரத்தங்கலந்து வருவது கருப்பைவாய்ப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். அங்கே கஷாயம் காய்ச்சும் ஒவ்வொரு மாதமும் ஆயுளில் கழிகிற மாதம்.

பாட்டிமார் சொன்னதெல்லாம் பொய் என்கிறோமா? இல்லை! பருத்தித் துணி உடுத்து, ஈர உடையை உடனே மாற்று, வெயிலில் உலர்த்து, வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவு: அத்தனையும் பொன்மொழி. தயிரும் பூண்டும் உணவிலே இருக்கட்டும். அவற்றை வைக்குமிடம் சோற்றுத்தட்டு.

மறுபடி டோபி காட்டைப் பாருங்கள். அங்கிருந்து வடகிழக்குப் பாதையில் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. நம்மவர் வாயில் தேக்கா. அங்கே கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி, 1924-ல் 30 பிரசவப் படுக்கைகளோடு தாய்மாருக்கென்று திறக்கப்பட்டது. 1966-ல் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, உலகச் சாதனை! வீட்டிலேயே பிரசவம் என்றிருந்த பெண்கள் ஆஸ்பத்திரிப் படியேறியபோது வெட்கம் குறுக்கே நிற்கவில்லையா? நின்றது. தள்ளிவிட்டு ஏறினார்கள். பிள்ளை பெறுவதற்கு ஆஸ்பத்திரி. அந்த உறுப்பிலே நோய் வந்தால் மட்டும் அடுப்படியா?

“லீவு போட்டால் கூலி போகுமே” என்று பயப்படும் சகோதரிகளே, கேளுங்கள். மலேசியத் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் காவல். நிர்வாகம் நியமித்த டாக்டர் முதலாளி செலவில் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு நோய்விடுப்பு ஆண்டுக்கு, 2 ஆண்டுக்குட்பட்ட வேலைக்கு 14 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இது பிச்சை அல்ல, உரிமை!

கிராணித் தோழர்களே! டாக்டர் சீட்டு வந்தால் விடுப்பு என்று எழுதுங்கள்; என்ன நோய் என்று கேட்காதீர்கள், கேட்டதை வெளியே பேசாதீர்கள். சங்கக் கிளைகளே! வெட்டுக்காட்டில் பெண்களுக்குக் கழிப்பிடமும் தண்ணீரும் கேளுங்கள். தோட்டத்துக்குப் பெண் தாதியை வரவழைக்கச் சொல்லுங்கள். முதலாளிமார் சிரித்தால் சிரிக்கட்டும். பேச்சுவார்த்தை மேசையில் அந்தச் சிரிப்பை நிறுத்துவோம்.

வெட்கப்பட வேண்டியவள் நோயாளி அல்ல. அவளை வாய்மூட வைத்தவர்கள்!