பட்டறையின் சொந்தக் கருவிகள்

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம், பீரங்கி மேட்டின் மேல் கிடக்கும் இராஜகோபால பீரங்கியை நம் வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாபநாசத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரும்பைத் தொட்டுப் பிழைப்பவர்கள் ஒரு தடவையாவது அதன் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஏழரை மீட்டர் நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரகுநாத நாயக்கர் ஆட்சிக் காலத்தில் உருவானது. இதை வார்க்கவில்லை. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிக் குழலாக்கி, அதன்மேல் வளையங்களை வரிசையாக ஏற்றி, காய்ச்சி அடித்தே ஒட்ட வைத்திருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியமும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். உலகில் மிஞ்சியிருக்கும் அடித்து இணைத்த பீரங்கிகளில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று.

அதன் வளையங்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்கால் மீட்டர் உள்விட்டமுள்ள ஒரு இரும்பு வளையத்தை எழுநூறு டிகிரிக்குச் செக்கச் சிவக்கக் காய்ச்சினால், விட்டம் ஏழு மில்லிமீட்டர் போலத்தான் விரியும். மாட்டுவதற்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவே. வளையம் சின்னதாகப் போனால் குழலில் ஏறாது. பெரிதாகிவிட்டால் ஆறிய பிறகு பிடிக்காது. அப்படி ஒன்று பிடிக்காமல் போனாலும் வெடிக்கும்போது அந்த இடம் விட்டுக்கொடுக்கும். ஒரு வளையம் சரியாக அமைந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். வாயிலிருந்து அடிவரை அத்தனை வளையங்களும் அமைந்ததற்கு அளவுகோல் இருந்திருக்க வேண்டும், வளையத்தை வளைக்க ஒரு உருளை இருந்திருக்க வேண்டும், சிவந்த இரும்பைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துத் தூக்கப் பெரிய குறடுகள் இருந்திருக்க வேண்டும். அவற்றை விற்கும் கடை அன்று எங்கும் கிடையாது. அந்தக் கொல்லர்களே செய்துகொண்டார்கள். நானூறு வருஷ மழை வெயிலைத் தாங்கிப் பீரங்கி நிற்கிறது. அதைச் செய்த கருவிகளில் ஒன்றைக்கூட நாம் பார்க்க முடியாது. இந்த இதழில் நான் பேச விரும்புவது அந்த இழப்பைப் பற்றித்தான்.

ஆயுதத் தொழிலிலேயே இதற்கு மாறான ஓர் உதாரணம் உண்டு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் பழக்கம் அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அதற்கான கைக்கருவிகளை 1884இல் ஜான் பார்லோ என்பவர் நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் நிறுவனம் செய்து விற்றது. குறடு மாதிரியான ஒரே கருவியில் பல வேலைகள் முடியும். 1958இல் விஸ்கான்சினைச் சேர்ந்த ரிச்சர்ட் லீ தன் வீட்டுப் பட்டறையிலேயே இன்னும் எளிய ஒன்றை வடிவமைத்தார், பின்னால் அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சுடும்போது பித்தளைக் கூடு மயிரிழை அளவு உப்பிவிடும். கடினமாக்கிய எஃகு டைக்குள் செலுத்தி அதைப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். டையின் உட்புறம் கண்ணாடி போல் வழுவழுப்பாக இல்லாவிட்டால் பித்தளையில் கீறல் விழும். வேலை முழுவதும் அந்த ஒரு துளைக்குள் அடங்கியிருக்கிறது. பார்லோவின் கருவிகளை இன்றும் தேடிச் சேர்க்கிறார்கள், எந்த மாதிரி எந்த ஆண்டு வந்தது என்று எழுதி வைக்கிறார்கள். நான் மெச்சுவது இந்தப் பதிவு செய்யும் பழக்கத்தை.

கருவியைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சட்டத்தைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வெடிமருந்துத் தோட்டாவோடு நிற்கவில்லை. தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் அதே வரையறைக்குள் கொண்டுவருகிறது. உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். லேத் வைத்திருக்கும் தம்பிகளிடம் யாராவது ஒரு மாதிரியைக் கொண்டுவந்து, ‘சும்மா ஒரு டைதானே, கடைந்து கொடுங்கள்’ என்று கேட்டால் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

நம் கைக்கு எட்டிய இடத்திலேயே இதே தரமுள்ள வேலை இருக்கிறது. கருக்கரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். பல் வெட்டும் கொல்லர் அதற்கான சிற்றுளியைக் கடையில் வாங்குவதில்லை. தேய்ந்துபோன அரத்தையோ லாரி ஸ்பிரிங் பட்டையையோ உலையில் இட்டு நீட்டி, முனையை ஒரு பக்கம் மட்டும் சரித்துச் சாணை பிடித்து, தண்ணீரில் தோய்த்துவிட்டு மறுபடி இளஞ்சூடு காட்டுவார். எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடி வரும்போது எடுத்துவிட வேண்டும். நீலம் ஏறும்வரை விட்டால் முனை மழுங்கும், நிறமே ஏறாமல் எடுத்தால் முதல் அடியில் தெறிக்கும். வைக்கோல் நிறம் ஏறுவது இருநூற்றிருபது டிகிரி வாக்கில் என்று புத்தகம் சொல்கிறது. அவருக்கு அந்த எண் வேண்டாம், கண் போதும். பிறகு அரிவாளில் ஒரு பல் வெட்டியதும், எழும்பி நிற்கும் அதன் விளிம்பில் உளியை உரசி நிறுத்தி அடுத்ததை அடிப்பார். உளியின் சரிவே பல்லுக்குப் பல் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அளவுகோலும் வெட்டுக் கருவியும் ஒரே உளிக்குள் இருக்கின்றன. அறுவடை இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கிய பிறகு கருக்கரிவாளுக்குக் கேட்பு குறைந்துவிட்டது. இந்த உளியைச் செய்யத் தெரிந்த கைகளும் அதோடு குறைந்து வருகின்றன.

சுவாமிமலை ஸ்தபதிகளின் அளவோலை இன்னொன்று. சிலையின் உயரத்துக்குத் தென்னோலையை நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து, முகம், மார்பு, முழங்கால் என்று குறித்துக்கொள்கிறார்கள். உத்தம தசதாளத்துக்கு 124 பகுதி. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மடிப்பே விகிதத்தைச் சொல்லிவிடுகிறது. 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி நடராஜரும் சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவர்தான். அந்தச் சிலையைப் படம் பிடித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். சுவாமிமலையில் அதன் மெழுகைச் செதுக்கிய கத்தியையும் சூட்டுக்கோலையும் படம் பிடித்தவர்கள் எத்தனை பேர்?

நம் தொழிலில் ஒரு பட்டறை மூடும்போது நடப்பதை நீங்கள் அறிவீர்கள். லேத்தையும் வெல்டிங் செட்டையும் விலை பேசுவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் தகட்டு மாதிரிகள், பெயர் இல்லாத ஜிக்குகள், ஒரே ஒரு வேலைக்காக அப்பா செய்து வைத்த வளைந்த குறடு எல்லாம் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கிலோ கணக்கில் எடை போடுவார்கள். ஒரு தலைமுறையின் யோசனை அந்த எடையில் போய்விடுகிறது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குறடு எதற்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டிய கடமை கருவியைச் செய்தவருக்கும், அதைக் கேட்டு எழுத வேண்டிய கடமை நம்மைப் போன்ற இதழ்களுக்கும் இருந்தது. இரண்டு பேருமே போதிய அளவு செய்யவில்லை.

பாபநாசம் பக்கத்திலுள்ள திருப்பாலைத்துறையின் பழைய நெற்களஞ்சியத்தைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. கட்டடத்தைக் காக்க ஒரு துறை உண்டு. பட்டறைக் கருவியைக் காக்க நம்மை விட்டால் ஆள் கிடையாது. இதற்குப் பெரிய செலவும் வேண்டாம். நீங்களே செய்த கருவி ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுங்கள். என்ன எஃகு, எப்படிப் பதம் ஏற்றியது, எந்த வேலைக்கு, யாரிடம் கற்றது என்று நாலு வரி எழுதுங்கள். எழுதக் கை வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றை அளவோடும் வரைபடத்தோடும் வெளியிட இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.