தேநீர்க் கெண்டியில் பிறந்த கசப்பு

1822. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் பீர் தயாரித்த சாமுவேல் ஆல்சாப், லண்டன் ஹாட்ஜ்சனின் ‘இந்தியா’ பீரைத் தன் ஊழியர் ஜாப் குட்ஹெட் முன் வைத்தார். ஒரு வாய் குடித்த குட்ஹெட் துப்பிவிட்டார். அவ்வளவு கசப்பு. ஆனாலும் செய்து பார்க்கலாம் என்றார். முதல் சோதனை ஒரு தேநீர்க் கெண்டியில் நடந்ததாகக் கதை. சில ஆண்டுகளில் இந்தியச் சந்தையில் ஹாட்ஜ்சனின் ஆதிக்கம் ஆட்டம் கண்டது.

கசப்புக்குக் காரணம் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அது பீரைப் புளிக்கவைக்கும் கிருமிகளை அடக்குகிறது. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும். கடைசி நிமிடங்களில் போட்டால் மணம் தங்கும், கசப்பு குறையும். ரசத்துக்குக் கொத்தமல்லியை எப்போது தூவுவது என்று அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மரைன் ஹில்லில் நின்றால் எதிரே ராஸ் தீவு. 1858இல் தொடங்கிய கைதிகள் குடியேற்றத்தின் தலைமையிடம். அந்தத் துரைமார்கள் காலத்தில் பீர் கப்பலில்தான் வர வேண்டும். இன்று அதே குன்றில் ஒருவர் வீட்டில் பீர் வடிக்க நினைத்தால்? முதல் எதிரி வெயில். இவ்வகை பீருக்கான ஈஸ்ட் 20 டிகிரி வாக்கில் ஒழுங்காக வேலை செய்யும். 30 டிகிரியில் அவசரப்பட்டுத் தொண்டையைக் காந்தும் சாராய நெடியைக் கிளப்பும். அடுத்தது தண்ணீர். பர்ட்டனின் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும். தனிக்காரி அணையின் மழைத் தண்ணீரில் அதே செய்முறை அதே ருசி தராது.

எனவே செய்முறையைத் திருத்தித்தான் ஆக வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்: ஹாப்ஸின் அளவையும் ஈஸ்டையும் சேர்த்து மாற்றினால் எது ருசியைக் கெடுத்தது என்று தெரியாது. மூன்று கோப்பைகளில் இரண்டில் பழையது, ஒன்றில் புதியது. எது வேறு என்று கண்டுபிடிக்க முடியாதவரின் பாராட்டுக்கு மதிப்பில்லை. முக்கியமாக, ருசி பார்ப்பவர் நண்பராக இருக்கலாம், முகஸ்துதிக்காரராக இருக்கக் கூடாது. குட்ஹெட் துப்பியதும் ஒரு மதிப்பீடுதான்.

மூன்றாவது எதிரி சட்டம். உரிமமின்றி மது வடிப்பது குற்றம். பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கு உரிமத் தேவையை நீக்கியது. அமெரிக்கா 1978இல் கூட்டாட்சிச் சட்டத்தைத் தளர்த்தியது. இங்கே பெங்களூரிலும் குருகிராமிலும் உரிமம் பெற்ற மதுக்கூடங்கள் தாமே பீர் வடிக்கலாம், வீட்டுக்காரர் கூடாது. அரசின் வாதத்தில் நியாயம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது கள்ளச்சாராயம். ஆனால் கொன்றது அதில் கலந்திருந்த மெத்தனால். மால்ட்டும் ஹாப்ஸும் ஈஸ்டும் சேர்ந்து ஆளைக் கொல்லும் அளவுக்கு அதை உண்டாக்குவதில்லை.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம் ஒரு விஷயத்தை மறக்கிறது. ஒளித்து வடிப்பதை யாரும் சோதிப்பதில்லை. குறை சொல்ல ஆளில்லாத பானம் திருந்துவதுமில்லை. அளவு வரம்போடு, விற்பனைக்குத் தடையோடு, வீட்டு பீரை வெளிச்சத்துக்கு விடுவதுபற்றி யோசிக்கலாம். தேநீர்க் கெண்டி அளவில் தொடங்கினால்கூடப் போதும்.