ஃப்ளூ டெஸ்ட் ‘நெகட்டிவ்’ வந்தாலே ஃப்ளூ இல்லையா?

காய்ச்சல், உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு. கிளியனூரிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குப் போகும் ஒரு தொழிலாளிக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லேபில் மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுக்கிறார்கள். 15 நிமிடத்தில் ரிசல்ட்: நெகட்டிவ். “அப்பாடா, ஃப்ளூ இல்ல” என்று மறுநாள் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். போகாத நாளுக்குக் கூலி இல்லையே! வீட்டில் சர்க்கரை நோயுள்ள அம்மா இருக்கிறார்.

சிக்கலே அந்த ‘அப்பாடா’வில்தான்.

எவ்வளவு நம்பலாம்?

கோடு விழும் இந்த ரேபிட் டெஸ்ட், வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. வைரஸ் குறைவாக இருந்தால் கோடு விழாது. 159 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான அலசலின்படி, ஃப்ளூ உள்ள 100 பேரில் சுமார் 62 பேரைத்தான் இது கண்டுபிடிக்கிறது. பெரியவர்களில் இது 54 பேர் மட்டுமே. அதேநேரம், ஃப்ளூ இல்லாத 100 பேரில் 98 பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறது.

ஆர்டி-பிசிஆர் வைரஸின் மரபணுவையே பெருக்கிப் பார்ப்பதால் துல்லியம் அதிகம். ஆனால், சாம்பிள் பெரிய ஆய்வகத்துக்குப் போய்த் திரும்ப நேரமாகும். இரண்டுக்கும் நடுவே ரேபிட் மாலிக்யூலர் டெஸ்ட் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் முடிவு, 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடிக்கும் திறன். விலைதான் கூடுதல்.

சீசனும் ஒரு கணக்கு

ஃப்ளூ பரவும் நேரத்தில், காய்ச்சலோடு வரும் 100 பேரில் 40 பேருக்கு ஃப்ளூ என்று கொள்வோம். ரேபிட் டெஸ்ட் 25 பேரைப் பிடிக்கும், 15 பேரைத் தவறவிடும். அதாவது, நெகட்டிவ் வாங்கிய ஐந்து பேரில் ஒருவருக்கு ஃப்ளூ இருக்கும். சீசன் இல்லாதபோது கதை தலைகீழ். 100-ல் 2 பேருக்குத்தான் ஃப்ளூ என்றால், வரும் மூன்று பாசிட்டிவில் இரண்டு தவறாக இருக்கலாம்!

கொரோனாவில் படித்த பாடம்

இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2020 ஜூனில் ரேபிட் ஆன்டிஜென் டெஸ்ட்டை அனுமதித்த ஐசிஎம்ஆர், அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் ஆர்டி-பிசிஆர் கட்டாயம் என்றது. பல மாநிலங்கள் ஆன்டிஜென் பக்கம் சாய்ந்தபோதும், தமிழ்நாடு அந்த ஆண்டு ஆர்டி-பிசிஆரையே நம்பியது. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்களையும் நடத்தியது. அந்த நிதானம் ஃப்ளூ டெஸ்ட்டிலும் வேண்டும்.

அப்போ என்ன செய்யணும்?

பாசிட்டிவா? சீசன் நேரத்தில் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவா? அறிகுறி இருந்தால் ஃப்ளூ என்றே நினைத்து மாஸ்க் போடுங்கள், ஓய்வெடுங்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, இதய, நுரையீரல் நோயாளிகள் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது. ஒசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன். டாக்டர் சொன்னால் உடனே தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி வந்தால் நேராக மருத்துவமனைதான்.

ரேபிட் டெஸ்ட்டே வேண்டாம் என்பதல்ல வாதம். ‘நெகட்டிவ் என்றாலும் ஃப்ளூ இருக்கலாம்’ என்ற ஒரு வரியை ஒவ்வொரு லேபும் ரிப்போர்ட்டிலேயே தமிழில் அச்சிட வேண்டும். தாலுகா மருத்துவமனைகள் வரை மாலிக்யூலர் டெஸ்ட்டை அரசு கொண்டுவர வேண்டும். துல்லியமான டெஸ்ட் நகரத்துக்கு, பாதி கண்டுபிடிக்கும் டெஸ்ட் உப்பளத்துக்கு என்பது நியாயமில்லை.