வாளியால் கடலை வழிப்பதா?

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி விடியற்காலை 2 கப்பல்கள் மோதிக்கொண்டன. தார் போன்ற எண்ணெய் கரை ஏறியது. அதை அள்ளியது யார்? மீனவர்கள், மாணவர்கள், கடலோர காவல் படையினர். எதைக் கொண்டு? பிளாஸ்டிக் வாளி! கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளும் வந்து நின்றன. தண்ணீரோடு கலந்து எண்ணெய் கெட்டிப்பட்டுப் போனதால் குழாயில் ஏறவில்லை. கடைசியில் வாளிதான் கை கொடுத்தது.

6 வருடம் ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. மணலி பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மறுபடியும் அதே மீனவர்கள், அதே வாளி!

திட்டம் இல்லாமல் இல்லை. 1996-ம் ஆண்டிலேயே தேசியத் திட்டம் வந்துவிட்டது. 700 டன் வரை சிந்தினால் துறைமுகமும் எண்ணெய் கம்பெனியும் சமாளிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வட்டாரம் முழுவதும் உள்ள கப்பல், ஆள், தளவாடங்கள் வரவேண்டும். கடலில் பொறுப்பு கடலோர காவல் படைக்கு. கரை ஏறிவிட்டால் மாநில அரசுக்கு. காகிதத்தில் கச்சிதம்தான். ஆனால் எண்ணெய் இலாகா பார்த்தா ஒதுங்குகிறது?

மிதவைத் தடுப்பை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். அலை பெரிதானால் எண்ணெய் தடுப்பையே தாண்டிப் போய்விடும். பாரிமுனையில் தீப்பிடித்தால் மதுரையிலிருந்தா தீயணைப்பு வண்டி வரும்? எண்ணூரிலேயே கிடங்கு வேண்டும். மிதவைத் தடுப்பு, கெட்டி எண்ணெயை இழுக்கும் பம்பு, கையுறை, பூட்ஸ் அங்கே தயாராக இருக்கவேண்டும். சாவி யாரிடம், ராத்திரி 2 மணிக்குப் போனை எடுப்பவர் யார் என்பதையும் இப்போதே எழுதி வைக்கவேண்டும்.

முகத்துவாரத்தின் நீரோட்டம் குப்பத்து மீனவர்களுக்கு அத்துப்படி. அவர்களுடைய படகுகளுக்கு வாடகையும், ஆட்களுக்குக் கூலியும் பேசி, பயிற்சி கொடுத்துப் பட்டியலில் சேர்த்தால் என்ன? எண்ணெய் வந்தபிறகு, 'வாங்கப்பா, அள்ளுங்க' என்று கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

2025 அக்டோபரில் சென்னைக் கடலில் கடலோர காவல் படை ஒத்திகை நடத்தியது. மெரினா மணலிலும் சுத்தம் செய்து காட்டினார்கள். நல்லதுதான். ஆனால் எண்ணூரில் இருப்பது மணல் மட்டுமல்ல. சேறு, அலையாத்தி மர வேர், இறால் பிடிக்கும் கழி. அங்கே அடுத்த மழைக்காலத்துக்குள் குப்பத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஒத்திகை நடத்திக் காட்டட்டும் அதிகாரிகள்!