முதலில் குழாய், பிறகு ரயில்

பெங்களூருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வீடு தேடும்போது கேட்கும் முதல் கேள்வி: மெட்ரோ பக்கமா? 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டிலிருந்து நகரின் மையத்துக்கு நேரடி ரயில் வந்துவிட்டது. ஆனால் 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த இடங்களில் ஒயிட்ஃபீல்டும் உண்டு. 2007-ல் மாநகராட்சியில் சேர்ந்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

தெருவில் குழாய் பதித்திருப்பது வேறு, குடியிருப்புக்கு இணைப்பு இருப்பது வேறு. 'காவிரி வந்துவிடும்' என்ற புரோக்கர் பேச்சை நம்பாமல், குடிநீர் வாரிய பில்லையே கேட்டுப் பார்க்கலாம். பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் விசாரிக்கலாம். சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்குகிறவர், அதே பகுதியில் ஒரு கோடையை வாடகை வீட்டில் கழித்துவிட்டு முடிவெடுப்பது உத்தமம். ரயில் இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் லாரிக்காரர் சொல்வதுதான் விலை.