சூட்டில் பார்த்த 33

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. தீபாவளிக்கு முந்திய வாரம். கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் கார் தயாராக நிற்கிறது. அப்பா, அம்மா, மனைவி, மகள், நான் என்று ஐந்து பேர் ஈப்போவுக்குக் கிளம்புகிறோம். பின்னால் துணிப் பைகள், முறுக்கு டின்கள், அம்மா கட்டாயம் வேண்டும் என்று ஏற்றிய தோசைக்கல்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எந்தக் காரில் ஏறுவதானாலும் முதலில் ஒரு சுற்று சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் காலால் ஒரு தட்டு தட்டுவார். அன்றும் தட்டினார். பின் டயர் பக்கம் நின்றுவிட்டார்.

"காத்து கம்மியா இருக்குப்பா."

"இல்லப்பா, நேத்து சாயங்காலம்தான் அளந்தேன். சரியா 33 இருந்துச்சு."

"நேத்து இருந்துச்சு. இப்போ அளந்து பாரு."

அளந்தேன். 27. நான்கு டயரிலும் கிட்டத்தட்ட அதே 27. ஆணி குத்தவில்லை, காற்றும் கசியவில்லை. தவறு முழுக்க முழுக்க என்னுடையது.

முதல் நாள் நான் இருந்த இடம் செப்பாங் பந்தயத் தடம். 1999இல் திறந்தது, ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஃபார்முலா ஒன் 2017ஓடு இங்கிருந்து போய்விட்டாலும், நம்மைப் போன்றவர்கள் கட்டணம் கட்டி, தலைக்கவசம் போட்டுக்கொண்டு சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, என் நண்பர்கள் வட்டத்தில் இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது.

காலையில் 30 பிஎஸ்ஐ வைத்துத் தடத்தில் இறங்கினேன். சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வந்து அளந்தால் 36. காரணம் எளிது. வேகமாக வளைந்து, அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது டயர் கொதிக்கிறது. உள்ளே அடைபட்ட காற்றின் சூடு 10 பாகை ஏறினால், அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். அழுத்தம் அளவு மீறினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையை அழுத்தும், பிடிமானம் குறையும். அதனால் தடத்தில் ஓட்டுபவர்கள் சூடான டயரிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்குவார்கள். அதற்காக ரொம்பவும் இறக்கினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி, ஓரம் தேயும். எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கத்தான் டயரின் ஓரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

நானும் 36ஐ 33க்கு இறக்கினேன். தடத்துக்கு அது சரி. சாயங்காலம் கிளம்பும் முன் பார்த்தபோதும் 33தான். என் காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளிலும் 33. இரண்டும் ஒன்றுதானே என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்.

ஆனால் கதவோரத்து 33, ஆறிய டயருக்கான எண். நான் பார்த்தது கொதித்த டயரின் எண். ராத்திரி முழுக்க ஆறியதும் அது 27 ஆகிவிட்டது.

இந்தக் குழப்பம் பெரிய பந்தயத்தையே ஆட்டியிருக்கிறது. 2015 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் வென்ற லூயிஸ் ஹாமில்டனின் ஒரு டயர், பந்தயம் தொடங்கும் முன் அளந்தபோது அனுமதித்த அளவைவிட 0.3 பிஎஸ்ஐ குறைவாக இருந்தது. வெற்றியே பறிபோகுமோ என்ற நிலை. காரில் மாட்டியபோது அழுத்தம் சரியாகத்தான் இருந்தது, டயரைச் சூடாக்கும் போர்வையின் இணைப்பைத் துண்டித்ததால் டயர் ஆறியிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. வெற்றி நிலைத்தது. அங்கே பிரச்சினை 0.3. என் காரில் 6, அதுவும் குடும்பத்தோடு.

காற்று குறைந்த டயர் சுமையோடு நெடுஞ்சாலையில் ஓடினால், ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிக்கவும் வாய்ப்புண்டு. தீபாவளி சமயத்து மழையில் தேங்கிய நீரை ஒதுக்கித் தரையைப் பிடிக்கும் திறனும் அதற்குக் குறைவு.

ஆகவே வாசகர்களே, பண்டிகைக்கு ஊருக்குப் போகும் முன் இவற்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதே உங்கள் காருக்கான எண். ஆள்களும் சாமான்களும் நிறைந்திருக்கும்போது வைக்க வேண்டிய அளவும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். காலையில், காரை எடுத்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அளந்துவிடுங்கள். எண்ணெய் நிலைய இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டினால் 33 என்பது ஏறக்குறைய 230. வழியில் ஓய்வு நிலையத்தில் அளந்து 37 காட்டினால் பதறிப்போய் இறக்காதீர்கள், அது சூடு. மாற்று டயர் இருந்தால் அதையும் பாருங்கள். தடத்தில் ஓட்டும் தம்பி தங்கைகளே, வீடு திரும்பும் முன் காற்றை ஏற்றுங்கள், மறுநாள் காலை ஆறிய பிறகு இன்னொரு முறை அளந்து சரிசெய்யுங்கள்.

அன்று பக்கத்து எண்ணெய் நிலையத்தில் நான்கு டயருக்கும் காற்றடித்துவிட்டுக் கிளம்பினோம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் நல்ல மழை. அப்பா பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது என் காரில் சொந்தமாக ஓர் அளவி இருக்கிறது. அதை அப்பாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். பிறகு டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறினார்.